ஓட்டைகளைக் காக்கும் பூங்கா

ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் நிற்பது ஓட்டைகள்தான். கல் அப்புறம்தான் வருகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் என்ற சிற்றூருக்கு வடக்கே, கொலராடோ ஆற்றை ஒட்டிய உயர்ந்த பாலைநிலத்தில் சுமார் 310 சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கும் அந்தச் செந்நிறப் பாறைக்காட்டில் 2,000-க்கும் மேற்பட்ட கல்வளைவுகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். கணக்கில் சேர ஒரு விதி உண்டு. பாறையில் உள்ள திறப்பு ஏதாவது ஒரு திசையில் குறைந்தது 3 அடி இருக்க வேண்டும். 2 அடி 11 அங்குலம் என்றால் அது வெறும் பொத்தல். இன்னும் ஓர் அங்குலம் உதிர்ந்துவிட்டால் வளைவு என்ற பட்டம், பதிவேட்டில் ஓர் இடம். உதிர்ந்ததற்காகக் கிடைக்கும் பதவி உலகத்தில் வேறெங்காவது இருக்கிறதா தெரியவில்லை. போய் வந்தவர்கள் எல்லோரும் கல்லைப் பார்த்துவிட்டு வந்ததாகத்தான் சொல்கிறோம். ஆற அமர யோசித்தால், பார்த்தது கல் விட்டுப்போன இடத்தை. சொல்விளையாட்டுக்காக இதைச் சொல்லவில்லை. இப்படி ஒரு வளைவு நாளைக்கு விழப்போகிறது என்று தெரிந்தால் மனிதர்கள் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு விடை இதற்குள்தான் இருக்கிறது. விழ விட வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் நாம் தள்ளிவிடக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடியுமா என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தமிழில் கல் என்றாலே நிலைத்தது என்று பொருள். மாறாத ஒன்றைக் கல்மேல் எழுத்து என்கிறோம். இதற்குக் காரணம் நம் காலடியில் கிடக்கும் கல். நாம் பார்த்து வளர்ந்தது கருங்கல்; பூமிக்கடியில் உருகிக் குழம்பாக இருந்து மெல்லக் குளிர்ந்து, படிகங்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு இறுகியது. ஆயிரம் ஆண்டு மழைக்குக் கோபுரத்தின் கூர் கொஞ்சம் மழுங்கும், அவ்வளவுதான். அந்தக் கண்ணோடு யூட்டாவின் மணற்கல்லைப் பார்ப்பவருக்கு முதல் அரைமணி நேரம் எதுவும் சரியாகப் புரியாது. அங்கே கல் என்பது மணல்தான். மணலின் பருக்கைகளுக்கு இடையே சுண்ணாம்பு பசைபோலப் படிந்து ஒட்டவைத்திருக்கிறது. இரும்புத் துரு சிவப்புச் சாயம் ஏற்றியிருக்கிறது. விரலால் அழுத்தித் தேய்த்தால் சில இடங்களில் பொடி கையோடு வந்துவிடும். நடைபாதை நெடுகக் காலில் புதைகிற சிவந்த மணல் எங்கிருந்தோ காற்று கொண்டுவந்து கொட்டியதல்ல. பக்கத்தில் நிற்கும் சுவரிலிருந்தும், அதற்கு முன்பு அங்கே நின்று இப்போது இல்லாத சுவர்களிலிருந்தும் இறங்கியது. என்ட்ராடா என்று புவியியலாளர் பெயரிட்ட அந்தக் கற்படுகை, சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தில், பெரும்பகுதி மணல்மேடாகக் கிடந்தது. மணல்மேடு கல்லானது, கல் மறுபடி மணலாகிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு காலத்தில் நாம் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகிறோம்.

அந்தக் கற்படுகை எப்படி இப்படி உடைந்தது என்ற கதை, நான் அறிந்த புவியியல் கதைகளில் மிக விசித்திரமானது. அதன் நாயகன் உப்பு. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதியில் ஓர் உள்நாட்டுக் கடல் திரும்பத் திரும்ப வந்து வற்றி, ஆயிரக்கணக்கான அடி கனத்துக்கு உப்பைப் படியவிட்டுப் போனது. பிறகு அதன்மேல் மலைகளிலிருந்து அடித்துவரப்பட்ட கல்லும் மண்ணும் சேறும் மணலும் அடுக்கடுக்காக ஏறின. மேலே பாரம் ஏறினால் மற்றக் கற்கள் இறுகும். உப்பு இறுகாது, நகரும். பற்பசைக் குழாயைப் பிதுக்கினால் பசை வழிதேடிப் போவதுபோல, பாரம் குறைந்த பக்கம் ஒதுங்கி, விரிசல் கண்ட இடத்தில் மேல்நோக்கிப் பிதுங்கியது. அதன் தலைமேல் இருந்த கற்படுகைகள் கூடாரத் துணிபோல உப்பி வளைந்தன. கல்லை வளைத்தால் முதுகில் வரிவரியாகப் பிளவு விழும். பின்னொரு காலத்தில் நிலத்தடி நீர் உள்ளே இறங்கி அந்த உப்பைக் கரைக்க, நடுப்பகுதி சரிந்து பள்ளத்தாக்கானது. சால்ட் வேலி, அதாவது உப்புப் பள்ளத்தாக்கு என்றே அதற்குப் பெயர். அதன் இரு விளிம்புகளிலும் இணைகோடுகளாக விழுந்த பிளவுகளில் தண்ணீர் புகுந்து அகலப்படுத்தியதில் மிஞ்சியவைதான் மீன்துடுப்புப் போல நிமிர்ந்து நிற்கும் மெல்லிய நெடுஞ்சுவர்கள். டெவில்ஸ் கார்டன், ஃபயரி ஃபர்னஸ் என்ற பகுதிகளில் அந்தச் சுவர்களுக்கு இடையே ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடியும் என்கிற சந்துகள் இருக்கின்றன. ஆக, வளைவுகளுக்கு அஸ்திவாரம் போட்டது உறுதியான பாறை என்று நினைத்தால் தவறு. தண்ணீரில் கரைகிற உப்பு ஊர்ந்ததும், பிறகு ஓரளவு காணாமல் போனதும்தான் அந்த இடத்தின் பிறப்புக் காரணம்.

சுவரில் ஓட்டை விழுந்தது எப்படி? பெரும்பாலோர் சொல்லும் விடை காற்று. மணலை அள்ளி வீசும் பாலைக் காற்று கல்லை உளிபோலக் குடைந்துவிட்டது என்கிற படம் மனதுக்குப் பிடித்த படம், ஆனால் தவறு. காற்று உதிர்ந்த மணலைக் கூட்டிப் பெருக்குகிற வேலையைச் செய்கிறது. குடைவது தண்ணீர். ஆண்டுக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் மழை மட்டுமே பெய்யும் இடத்தில் தண்ணீரா என்று தோன்றும். குறைவாகப் பெய்தாலும் அது போதும். மழைநீரில் காற்றின் கரியமில வாயு சேர்ந்து மெல்லிய அமிலமாகிறது. அது மணற்கல்லின் துளைகளுக்குள் இறங்கிச் சுண்ணாம்புப் பசையைக் கரைக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1,200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருப்பதால் அந்தப் பாலையில் குளிர்கால இரவுகள் உறைநிலைக்குக் கீழே போகின்றன. உள்ளே தேங்கிய நீர் பனிக்கட்டியாகி விரிந்து, செதில் செதிலாகக் கல்லைப் பெயர்க்கிறது. என்ட்ராடா படுகையின் அடியில் சேறு கலந்த சற்று இளகிய ஓர் அடுக்கு இருக்கிறது. நீர் அங்கே தங்கும். அரிப்பு அங்கே தொடங்கும். சுவரின் அடியில் முதலில் ஒரு குழிவு, பிறகு ஒரு மாடம், இரண்டு பக்க மாடங்களும் ஒருநாள் சந்தித்தால் சாளரம், சாளரத்தின் விளிம்புகள் உதிர்ந்து உதிர்ந்து வளைவு, வளைவு மெலிந்து மெலிந்து கடைசியில் இரண்டு தூண்கள், அப்புறம் மணல். இந்த வரிசையில் எந்தப் படியும் மற்றதைவிட உயர்ந்ததில்லை. ஒரு படியின்மேல் மட்டும் நமக்கு மோகம்.

அப்படியென்றால் உதிர்கிற கல் ஏன் உருவமில்லாத குவியலாகாமல் இத்தனை ஒழுங்கான வளைவாக நிற்கிறது என்ற கேள்வி வரும். 2014-இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு அழகான விடை தந்தது. அங்கே ஒரு குவாரியில், பசை ஏறக்குறைய இல்லாமல், பருக்கைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டதாலேயே நிற்கும் மணற்கல் கிடைக்கிறது. அதிலிருந்து சிறு கட்டிகளை வெட்டி, மேலே பாரம் ஏற்றி, நீரில் அரிக்கவிட்டுப் பார்த்தார்கள். பாரம் தாங்காத பகுதியின் மணல் கரைந்து ஓடியது. கட்டி மெலிய மெலிய, மிஞ்சிய பகுதியின்மேல் அழுத்தம் கூடியது. அழுத்தம் கூடக் கூடப் பருக்கைகள் இறுகப் பிடித்துக்கொண்டன. ஒரு கட்டத்தில் அரிப்பு ஏறத்தாழ நின்றே போனது. கையகலக் கட்டிகளில் தூண்களும் மாடங்களும் வளைவுகளும் தாமாக உருவாயின. சிற்பி செதுக்கிய வடிவம் போல நமக்குத் தெரிவது, பாரம் எந்த வழியாகத் தரையிறங்குகிறதோ அந்த வழியின் வரைபடம். சுமக்கிற கல் நின்றது; சுமக்காத கல் போய்விட்டது. இந்த முடிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி தேவைப்படும்.

விழுவது என்பது எப்போதோ ஊழிக்காலத்தில் நடப்பது என்ற எண்ணம் வேண்டாம். டெவில்ஸ் கார்டனில் லேண்ட்ஸ்கேப் ஆர்ச் என்றொரு வளைவு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுமார் 93 மீட்டர் நீளம். மிக மெலிந்த இடத்தில் கனம் 2 மீட்டர்கூட இல்லை. அத்தனை நீளமான கல் ரிப்பன் அந்தரத்தில் நிற்பதைக் கண் ஏற்றுக்கொள்ளவே சற்று நேரம் பிடிக்கும். 1991 செப்டம்பர் 1 அன்று அதன் அடிவயிற்றிலிருந்து 18 மீட்டர் நீளப் பாளம் ஒன்று பெயர்ந்து விழுந்தது. எடை ஏறக்குறைய 180 டன். கீழே இளைப்பாறிக்கொண்டிருந்தவர்கள் விரியும் ஓசை கேட்டு ஓடித் தப்பினார்கள்; ஒருவர் கையில் கேமராவும் இருந்தது. 1995 ஜூனில் மேலும் இரண்டு முறை பாளங்கள் விழுந்தன. அதன்பின் வளைவுக்கு அடியில் போகும் பாதையை மூடிவிட்டார்கள். 2008 ஆகஸ்ட் 4 இரவு, அதே டெவில்ஸ் கார்டன் நடைபாதையில் இருந்த வால் ஆர்ச், பூங்காவின் பெரிய வளைவுகளில் பன்னிரண்டாவது, யாரும் பார்க்காமலே இடிந்து போனது. பேலன்ஸ்டு ராக் என்ற புகழ்பெற்ற உருண்டைப் பாறைக்குப் பக்கத்தில் அதன் குட்டி போல ஒன்று நின்றுகொண்டிருந்தது. 1975-76 குளிர்காலத்தில் அது விழுந்தது. 1977-க்குப் பிறகு மட்டும் 43 வளைவுகள் விழுந்ததாகப் பதிவு இருக்கிறது. ஆண்டுக்கு ஒன்று என்றுகூடத் தோராயமாகச் சொல்லலாம். ஆக, ஒரு மனித ஆயுளுக்குள் நன்றாகவே பார்த்து எண்ணக்கூடிய வேகம்தான் இது.

சரி, விழுகிறது என்று தெரிகிறது, தடுக்கலாமே என்பது முதல் மறுப்பு. இது அசட்டு யோசனை என்று தள்ளிவிட முடியாது, உள்ளேயிருந்தவர்களே யோசித்திருக்கிறார்கள். யூட்டா மாநிலத்துக் கார்களின் எண்பலகையில் படமாக இருக்கும் டெலிகேட் ஆர்ச்சின் ஒரு கால் மிகவும் தேய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, 1950-களில் அதன்மேல் நிறமற்ற பிளாஸ்டிக் பூச்சு அடித்து அரிப்பைத் தடுக்கலாமா என்று தேசியப் பூங்காத் துறை ஆராய்ந்தது. நடைமுறைக்கு ஒவ்வாது, பூங்காவின் கொள்கைக்கும் ஒவ்வாது என்று கைவிட்டார்கள். எகிப்தின் அபு சிம்பெல்லைச் சுட்டிக்காட்டி இன்னும் வலுவாக வாதிடலாம். அதுவும் பாலைவனத்து மணற்கல்தான். நாசர் ஏரி மூழ்கடிக்க இருந்த நேரத்தில், 1964 முதல் 1968 வரை, அந்தக் கோயில்களைத் துண்டு துண்டாக அறுத்து மேட்டுக்குத் தூக்கி, பிசின் ஏற்றி, மறுபடி பொருத்தினார்கள். உலகமே பாராட்டியது. அங்கே சரியானது இங்கே மட்டும் எப்படித் தவறாகும்?

அபு சிம்பெல்லில் இரண்டாம் ராம்சேசின் முகம் இருக்கிறது. அது எப்படி இருக்க வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்தார், ஒருவர் செதுக்கினார். அந்த முகத்தில் மூக்கு உடைந்தால் ஏதோ ஒன்று குறைந்துவிட்டது என்று சொல்ல முடியும், ஏனென்றால் முழுமை எது என்று நமக்குத் தெரியும். டெலிகேட் ஆர்ச்சுக்கு முழுமையான வடிவம் எது? 1934-இல் ஃபிராங்க் பெக்வித் தலைமையில் போன ஆய்வுக்குழு பார்த்த வடிவமா, இன்றைக்கு இருக்கும் வடிவமா, ஆயிரம் ஆண்டுக்கு முன்பு இன்னும் தடித்த கால்களோடு அசிங்கமாக நின்றிருக்கக்கூடிய வடிவமா? பெக்வித் வைத்த பெயர்தான் டெலிகேட். அதற்கு முன் மாடு மேய்த்த கௌபாய்கள் அதைத் தங்கள் தோல் கால்சட்டையின் பெயராலும், பள்ளி ஆசிரியையின் உள்ளாடை என்ற பெயராலும் அழைத்தார்கள். அந்தப் பழைய பெயர்களில் ஒன்று நிலைத்திருந்தால் எண்பலகையில் ஏறியிருக்குமா என்பது சந்தேகம். பூச்சு அடித்துக் காப்பதாக இருந்தால், கல்லைக் காக்க மாட்டோம். நாம் முதலில் பார்த்த அன்றைய தோற்றத்தை, சொல்லப்போனால் நம் ஞாபகத்தைக் காப்போம். அதற்குப் புகைப்படம் போதும்.

நடைமுறையிலும் காப்பு வேலை செய்யாது என்பதற்கு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ‘மலை முதியவர்’ சாட்சி. பக்கவாட்டில் கிழவனின் முகம்போலத் தெரிந்த கருங்கல் முகடு அது, மணற்கல்கூட இல்லை. அந்த மாநிலத்தின் சின்னமே அதுதான், நாணயத்திலும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அதற்குச் சங்கிலி கட்டினார்கள், இரும்புக் கம்பி பாய்ச்சினார்கள், பிளவுகளில் சிமெண்ட் அடைத்தார்கள், ஆண்டுதோறும் ஆள் ஏறிப் பார்த்துப் பழுது நீக்கினார்கள். 2003 மே 3 அதிகாலையில் அத்தனையும் சேர்ந்து கீழே வந்தது. மணற்கல்லுக்கு நிலைமை இன்னும் மோசம். நீர் புகாத பூச்சு, நீர் வெளியேறவும் விடாது. உள்ளே சிக்கிய ஈரமும் உப்பும் பூச்சையும் தோலையும் சேர்த்தே உரிக்கும். பழைய கல் கட்டடங்களைப் பழுதுபார்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தாங்குதூண் கொடுப்பது அதைவிட வேடிக்கையான பலனைத் தரலாம். செக் சோதனையை இப்போது நினைத்துப் பாருங்கள். அந்தச் சோதனை சொல்வது உண்மையானால், பருக்கைகள் இறுகியிருப்பது பாரத்தால். அடியில் தூண் வைத்துப் பாரத்தை அது வாங்கிக்கொண்டால், வளைவின் கல்லில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்த இடத்தில் அரிப்பு தொடங்கும். இது என் ஊகம்தான், யாரும் செய்து பார்த்ததில்லை, செய்யவும் வேண்டாம். ஆனால் சுமையை இறக்கிவைத்தால் உதிர்ந்துபோகும் பொருளுக்கு எந்த ஆதரவும் உதவி ஆகாது.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. எப்படியும் விழப்போகிறது, விழ விட வேண்டும் என்றும் சொல்கிறீர்கள், பிறகு ஒருவன் தள்ளிவிட்டால் ஏன் கூச்சல்? 2013-இல் இதே யூட்டாவில், கோப்ளின் வேலி மாநிலப் பூங்காவில், இதே என்ட்ராடா மணற்கல்லால் ஆன ஒரு காளான் பாறையின் தலையை இளைஞர் முகாமுக்கு வழிகாட்டிகளாக வந்த பெரியவர்கள் தள்ளி உருட்டிவிட்டு, அதைப் படம்பிடித்துச் சிரித்தார்கள். அவர்கள் சொன்ன காரணம், அது ஆடிக்கொண்டிருந்தது, யாராவது குழந்தையின் மேல் விழுந்துவிடும் என்பது. நீதிமன்றம் அபராதமும் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் விதித்தது. அவர்களின் வாதத்தில் தர்க்கப்பிழை இருப்பது எளிதில் பிடிபடாது. கல் உண்மையிலேயே என்றாவது விழுந்திருக்கும். ஆனால் சாகப்போகிறவனைக் கொன்றால் கொலையில்லை என்று எந்த ஊர்ச் சட்டமும் சொல்வதில்லை. முடிவு ஒன்றாக இருப்பதால் காரணமும் ஒன்றாகிவிடாது. அந்தப் பாறை எந்த நாளில், எந்த மழைக்குப் பிறகு, எந்தப் பருக்கை விட்டுக்கொடுத்து விழுந்திருக்கும் என்பது அந்த இடத்தின் சொந்தச் செய்தி. அதைத்தான் இரண்டு கைகள் அழித்தன. 2006-இல் ஒரு மலையேறி டெலிகேட் ஆர்ச்சின்மேல் ஏறினார். விதியின் சொற்களில் தெளிவில்லாததால் வழக்குத் தொடர முடியவில்லை. ஓட்டைகளுக்குப் பேர்போன இடத்தில் சட்டத்திலும் ஓட்டை. பெயருள்ள எந்த வளைவிலும் ஏறக்கூடாது என்று உடனே திருத்தினார்கள். கல்லில் பெயர் செதுக்குகிற வழக்கம் இன்னொன்று. அழிக்க வேண்டுமென்றால் சுற்றியுள்ள கல்லையும் சேர்த்துத் தேய்த்துத்தான் ஆக வேண்டும். வியாதிக்கும் வைத்தியத்துக்கும் அங்கே ஒரே கருவி.

பெரிய கற்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் முக்கியமானது காலுக்கடியில் நழுவிவிடும். பாதைக்கு இருபுறமும் மணலின்மேல் கறுத்துப் பொருக்குத் தட்டினாற்போல், சின்னச் சின்னக் கோபுரங்களாக ஒரு படலம் தெரியும். பார்த்தால் எரிந்த மண் போல இருக்கும். அது உயிருள்ளது. சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்கள் மணலில் ஈரம் பட்டபோதெல்லாம் நகர்ந்து, பின்னால் பசையிழை விட்டுச் செல்கின்றன. அந்த இழைகள் மணலைக் கோத்துப் பிடிக்கின்றன. பாசியும் கல்பாசியும் சேர்கின்றன. காற்றிலிருந்து நைட்ரஜனை மண்ணுக்குத் தருவதும், மழைநீரைத் தேக்குவதும், விதைக்கு இடம் கொடுப்பதும் அதுதான். ஒரு காலடி போதும் நொறுங்க. மறுபடி கூட ஆண்டுகள் ஆகும், முழுதாகத் தேறப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம். படத்துக்காக இரண்டடி பாதையை விட்டு விலகி நிற்பவருக்குத் தாம் எதையும் உடைத்ததாகவே தோன்றாது. மேலே 180 டன் பாளம் விழுந்தால் செய்தியாகிறது. அதனால் அந்த நிலத்துக்கு ஒரு கேடும் இல்லை, அது அதன் இயல்பு. ஒரு செருப்புத் தடம் செய்தியாவதில்லை; அந்த நிலத்துக்கு அதுதான் கேடு. எதைக் கண்டு பதறுவது என்பதில் நம் அளவுகோல் தலைகீழாக இருக்கிறது என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

இயற்கை வேறு, மனிதக் கை வேறு என்று நான் போடும் கோடு எல்லா இடத்திலும் இத்தனை தெளிவாக விழுவதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆர்ச்சஸுக்குத் தெற்கே, கிளென் கேன்யன் பகுதியில், லேக் பவல் நீர்த்தேக்கக் கரையில் டபுள் ஆர்ச் என்றொரு வளைவு இருந்தது. (ஆர்ச்சஸ் பூங்காவிலும் அதே பெயரில் ஒன்று உண்டு, அது பத்திரமாக நிற்கிறது. செய்தியைப் படித்துவிட்டுப் பலர் குழம்பினார்கள்.) 2024 ஆகஸ்ட் 8 அன்று அது இடிந்தது. நீர்மட்டம் ஏறி இறங்கியதும் அலை மோதியதும் காரணமாக இருக்கலாம் என்று பூங்காத் துறையே சொன்னது. ஆனால் அந்த ஏரியே 1963-இல் அணையை மூடியதால் வந்தது. தண்ணீர் அரித்தது, தண்ணீரைக் கொண்டுவந்தவன் மனிதன். இதை இயற்கையான சாவு என்பதா, மெதுவான கொலை என்பதா? வெப்பநிலை மாறி, உறைபனி இரவுகள் கூடியோ குறைந்தோ போனால், ஆர்ச்சஸின் வளைவுகளைப் பற்றியும் இதே கேள்வி நாளை எழும். என்னிடம் இதற்குச் சுத்தமான விடை இல்லை. ஆனால் கோடு சில இடங்களில் மங்குகிறது என்பதற்காக, தெளிவாகத் தெரிகிற இடத்திலும் அதை அழித்துவிட வேண்டியதில்லை. அந்தியில் பகல் எது, இரவு எது என்று பிரிக்க முடியவில்லை என்பதால் உச்சிவெயிலைப் பகலில்லை என்போமா? இன்றைக்குச் செய்யக்கூடியது கவனித்துக்கொண்டிருப்பது. யூட்டா பல்கலைக்கழகத்தார் வளைவுகளின்மேல் நில அதிர்வுமானிகளை வைத்து, காற்றுக்கும் வெயிலுக்கும் அவை எந்தச் சுருதியில் அதிர்கின்றன என்று பதிவு செய்கிறார்கள். காதுக்கு எட்டாத அந்தச் சுருதி மாறினால் உள்ளே விரிசல் வளர்கிறது என்று பொருள். நாடி பிடிக்கிற வைத்தியம், அவ்வளவே. மருந்து கிடையாது.

மூன்றாவது மறுப்பு, யாருக்காக இந்தப் பூங்கா என்பது. 1956, 57-இல் அங்கே பருவகாலக் காவலராக இருந்த எட்வர்ட் ஆபி, பின்னாளில் ‘டெசர்ட் சாலிட்டேர்’ என்ற புத்தகத்தில் தார்ச்சாலைக்கு எதிராக ஆவேசமாக எழுதினார். காரை வெளியே நிறுத்திவிட்டு நடந்தோ, குதிரையிலோ, சைக்கிளிலோ வரட்டும் என்றார். 1968-இல் அந்தப் புத்தகம் வந்தபோது சாலை போட்டுப் பத்தாண்டு ஆகியிருந்தது. புத்தகத்தைப் படித்துவிட்டு அந்தத் தனிமையைத் தேடி வந்தவர்களாலும் கூட்டம் கூடியது என்பது அவருக்கு நேர்ந்த நல்ல தண்டனை. அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது, தீர்வு பிடிக்கவில்லை. அரசுச் சம்பளத்தில், பேலன்ஸ்டு ராக் பக்கத்தில் அரசு கொடுத்த வண்டிவீட்டில் மாதக்கணக்கில் வாழ்ந்தவருக்கு, முழங்கால் வலியோடு ஒரே ஒரு நாள் வரும் கிழவியிடம் சாலை கேட்காதே என்று சொல்லும் உரிமை எங்கிருந்து வந்தது? மறுபக்கம், 2021-இல் 18 லட்சம் பேர் வந்தார்கள். நிறுத்த இடமில்லாமல் வாசலையே பலமுறை மூட வேண்டியிருந்தது. 2022-இல் நேரம் குறித்து முன்பதிவு செய்யும் முறையைச் சோதனையாகக் கொண்டுவந்தார்கள். மோவாபில் விடுதி நடத்துகிறவர்கள் சிலர் வயிற்றில் அடிப்பதாகச் சொன்னார்கள். சாலையை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணுவது, சாலையைப் பெயர்த்துவிட்டு வலுவுள்ளவனை மட்டும் விடுவதைவிட நியாயம் என்றே எனக்குப் படுகிறது. கல்லை யாரும் காப்பாற்ற முடியாது என்று ஒப்புக்கொண்ட ஒரு பூங்கா, அந்தப் பொருக்கு மண்ணையாவது காப்பாற்ற வேண்டும். அதற்குக் கூட்டம் அளவாக இருக்க வேண்டும்.

டெலிகேட் ஆர்ச்சுக்குப் போய்வரும் பாதை 5 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நிழல் என்று ஒன்று கிடையாது. தொடக்கத்தில் 1898-இல் வந்து குடியேறிய ஜான் வெஸ்லி வுல்ஃபின் மரக்குடிசை. பக்கத்திலேயே யூட் பழங்குடியினர் பாறையில் பொறித்த குதிரைகளும் காட்டாடுகளும். குதிரை இருப்பதால் அது ஸ்பானியர் வந்த பிறகு பொறித்தது என்று தெரிகிறது. அப்புறம் மொட்டைப் பாறையில் ஏற்றம். கடைசித் திருப்பம் வரை வளைவு கண்ணில் படாது. திரும்பியதும் ஒரு பெரிய கற்கிண்ணத்தின் விளிம்பில், பின்னால் லா சால் மலைகளின் பனியோடு, 16 மீட்டர் உயரத்துக்குத் தனியாக நிற்கும். 2002 குளிர்கால ஒலிம்பிக் சுடரை அதனடியில் கொண்டுபோனார்கள். அந்தி வேளையில் அங்கே உட்கார்ந்திருக்கும் ஐம்பது அறுபது பேரும் தங்கள் முறை வரும்வரை காத்திருந்து, அதே இடத்தில், அதே படத்தை எடுக்கிறார்கள். வளைவு அந்தப் படங்களில் ஒருபோதும் மாறாது. படம் எடுத்துக்கொண்டவர்கள் மனதிலும் அது கல்மேல் எழுத்தாகவே இருந்துவிடும். என் நினைவிலும் அப்படித்தான் இருந்தது, மேலே சொன்னதையெல்லாம் அறிந்துகொள்ளும்வரை.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும். அக்டோபரிலோ மார்ச்சிலோ போங்கள். நடக்கும்போது கால் பாறையிலோ, வெறும் மணலோடிய ஓடைத்தடத்திலோ இருக்கட்டும்; கறுத்த மண்ணை மிதிக்காதீர்கள். ஒரே நாள்தான் இருக்கிறது, இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் எண்பலகையில் இருப்பதை விட்டுவிட்டு லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சைப் பாருங்கள். டெலிகேட் இன்னும் கொஞ்ச காலம் காத்திருக்கலாம்.